கழற்றிய பாகம் எங்கே?

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரி ஒருவர், எங்கள் மாட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு நின்றார். அங்கே சாக்குகளுக்கு அடியில் கிடந்தது என் தந்தையாரின் புல்லட் மோட்டார் சைக்கிள். “ஐயா, சும்மாதானே கிடக்கிறது? எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன்” என்றார். தராசும் அவர் கையிலேயே இருந்தது.

என் தந்தையார் திருச்சிக்கு அருகேயுள்ள சிற்றூர்களில் பம்புசெட்டுகளைப் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1972-ல் வாங்கிய அந்த வண்டியில்தான் ஊர் ஊராகச் சென்று வருவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரிலிருந்து கழற்றிய தேய்ந்த பாகம் எதுவானாலும் அதைத் துடைத்து, செய்தித்தாளில் பொதிந்து, வேலை முடிந்ததும் விவசாயியின் கையில் கொடுப்பார். “இது உங்கள் பொருள். தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூலி கொடுங்கள்” என்பார். அந்த வழக்கத்தின் அருமை, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய வண்டியைப் பழுது பார்க்க நான் ஆள் தேடி அலைந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

வியாபாரி வந்து போன அன்று மாலை வீட்டில் பேச்சு எழுந்தது. விற்றுவிடலாம் என்றார் என் அண்ணன். கொட்டகையில் இடம் அடைக்கிறது, துரு ஏறுகிறது, யார் ஓட்டப் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அம்மா மட்டும் ஒரே வார்த்தை சொன்னார்: “ஓட்டுகிறவனுக்கு விற்றால் விற்றுக்கொள்ளுங்கள். எடைக்குப் போடாதீர்கள்.” ஓராண்டுத் தவணை கேட்டேன். அதற்குள் வண்டியை ஓட வைப்பது, இல்லையேல் அண்ணன் சொன்னபடி செய்வது என்று முடிவாயிற்று.

முதல் ஏமாற்றம்

நகரத்தில் பெரிய பெயர்ப் பலகையோடு விளங்கிய ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். “புதிது போல் ஆக்கித் தருகிறேன், மூன்று வாரம்” என்றார் அதன் உரிமையாளர். பெருந்தொகை ஒன்றை முன்பணமாகக் கேட்டார், கொடுத்தேன். என்னென்ன வேலை, என்னென்ன பாகம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் எழுதித் தரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வண்டியைப் பார்த்தபோது கண் கூசியது. பெட்ரோல் டாங்கி பளபளத்தது, மட்கார்டு மின்னியது. ஆனால் எஞ்சினை யாரும் திறக்கவே இல்லை. அதற்கும் மேலாக, தந்தையார் காலத்திலிருந்து வண்டியில் இருந்த கார்புரேட்டரைக் காணோம். அதன் இடத்தில் மலிவான போலி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. “கழற்றிய பாகம் எங்கே?” என்று கேட்டேன். “தேய்ந்துபோச்சு சார், போட்டுட்டோம்” என்று பதில் வந்தது. எங்கே போட்டார்கள், யாரிடம் போட்டார்கள் என்பதற்கு விடை இல்லை. வழக்காட என்னிடமும் சான்று இல்லை. ஒரு பட்டியல் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. பிழையில் பாதி என்னுடையது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வண்டியை மினி லாரியில் ஏற்றி மீண்டும் கொட்டகைக்கே கொண்டு வந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இவ்வண்டிக்கு ஆள் இல்லாமற் போகாது

சோர்ந்திருந்த அந்நாட்களில் வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு நம்பிக்கை பிறந்தது.

இராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் தோன்றிய நிறுவனம். 1901-ல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1932-ல் ‘புல்லட்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. எல்லைக் காவலுக்கு நம் நாட்டு இராணுவம் இவ்வண்டிகளைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955-ல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி அடியோடு நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. அது மட்டுமா? 1977-ல் இங்கே செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

வார்ப்பிரும்பு உருளையுடைய அந்தப் பழைய வகை எஞ்சின் 2010 வாக்கில்தான் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது. அதாவது அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டுக் கைகள் அதைச் செய்தும் பழுது பார்த்தும் வந்திருக்கின்றன. அதன் உருளை விட்டம் 70 மில்லி மீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லி மீட்டர், கொள்ளளவு 346 சி.சி. இந்த அளவுகளை மனப்பாடமாக அறிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஆள் இல்லை என்பதன்று குறை. ஆளைக் கண்டறியும் வழிதான் எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்றும் விளங்கிற்று. எல்லாப் பழைய வண்டியும் ஒன்றன்று. மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளின் எஞ்சின் வகையே வேறு. அவற்றில் கிளப்பும் மிதியும் கியர் மிதியும் ஒரே தண்டு. ஜாவாவில் கைதேர்ந்தவர் புல்லட்டிலும் தேர்ந்தவராய் இருக்க வேண்டியதில்லை. பெயர்ப் பலகையில் ‘எல்லா வண்டியும் பார்க்கப்படும்’ என்று எழுதியிருப்பதால் ஆயிற்றா?

யாரைக் கேட்பது?

இம்முறை பலகைகளை நம்பவில்லை, வாய்மொழியை நம்பினேன். உதிரிப் பாகக் கடைக்குச் சென்று, “பழைய புல்லட்டுக்குப் பாகம் வாங்க அடிக்கடி யார் வருகிறார்?” என்று கேட்டேன். கடைசல் பட்டறைக்குச் சென்று, “உருளை குடைய உங்களிடம் யார் கொண்டு வருகிறார்?” என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பழைய புல்லட்டை நிறுத்திவிட்டு நின்ற ஓய்வு பெற்ற காவலர் ஒருவரிடம், “இதை யாரிடம் விடுகிறீர்கள்?” என்று கேட்டேன். இவர்கள் மூவரும் ஒருவரையொருவர் அறியார். மூவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

வேப்பமரத்து நிழலில் தகரக் கூரை போட்ட சிறு பட்டறை அது. பலகை கிடையாது. அறுபது வயது மதிக்கத்தக்க அந்த மேஸ்திரி, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் வண்டியைப் பார்க்கவில்லை.

“ஆர்.சி. புத்தகம் இருக்கா சார்?” என்று கேட்டார்.

வண்டியைப் பழுது பார்க்க அது எதற்கு என்றேன். “எஞ்சின் நம்பரும் சட்டத்து நம்பரும் புத்தகத்தோட ஒத்துப்போகணும். இல்லேன்னா நான் கை வைக்க மாட்டேன். திருட்டு வண்டிக்கு உழைச்ச கூலி வயித்துல ஒட்டாது” என்றார். துணியால் துருவைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு எண்களையும் படித்துச் சரி பார்த்தார். நான் அவரைச் சோதிக்கச் சென்றேன். அவரோ என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். ஆர்வத்தில் நான் கிளப்பும் மிதியில் கால் வைத்தேன். “மிதிக்காதீங்க!” என்று தடுத்தார். பல ஆண்டுகள் ஓடாத எஞ்சினில் பிஸ்டனும் வளையங்களும் உருளையோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். வலிந்து மிதித்தால் வளையம் உடையும், உருளை கீறும் என்று விளக்கினார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலை ஊற்றினார். “பத்து நாள் ஊறட்டும். இருபத்தாறு வருஷம் காத்திருந்த வண்டி, பத்து நாள் காத்திருக்காதா?”

அவர் பின்னே ஒரு பலகைத் தட்டு இருந்தது. அதில் வரிசையாகப் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்டி எண் எழுதியிருந்தது. அவை என்னவென்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “கழட்டுற சாமான் எல்லாம் அதுலதான் இருக்கும். தேய்ஞ்சதும் இருக்கும், நல்லதும் இருக்கும். வண்டி எடுக்கிறப்போ எண்ணி வாங்கிக்குங்க.”

செய்தித்தாளில் பொதிந்த பொட்டலத்தை நீட்டிய என் தந்தையாரின் கை கண்முன் வந்தது. என்றாலும் ஒரு முறை சூடுபட்டவன் அல்லவா? உடனே முழு வேலையையும் ஒப்படைக்கவில்லை.

சிறு வேலை, பிறகு பெரு வேலை

முதலில் பின் சக்கரத்தை மட்டும் கொடுத்தேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன, பேரிங் ஓசையிட்டது. ஒரு வாரத்தில் முடித்தார். கம்பிகளுக்கும் பேரிங்குக்கும் ரசீது கொடுத்தார். பிரேக் கட்டையையும் மாற்றிவிடலாமே என்றேன். “இன்னும் பாதிக்கு மேல இருக்கு. எதுக்குக் காசு?” என்று மறுத்துவிட்டார். விற்கக் கூடிய பொருளை வேண்டாமென்று சொன்னாரே, அன்றுதான் என் மனம் உறுதிப்பட்டது.

அதன் பின் எஞ்சின் திறக்கப்பட்டது. இங்கிலாந்து முறையில் உருவான வண்டியாதலால் அதன் போல்ட்டு நட்டுகள் பல பழைய ஆங்கில அங்குல அளவினவை. இக்காலத்து மில்லி மீட்டர் ஸ்பேனரை அவற்றில் மாட்டினால் பொருந்தாமல் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மேஸ்திரி அதற்கென்று தனி ஸ்பேனர்களைக் கோணித் துணியில் சுற்றி வைத்திருந்தார். மற்றப் பட்டறையில் சில நட்டுகள் ஏன் மழுங்கியிருந்தன என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

உருளை தேய்ந்திருந்தது. அதைச் சற்றே குடைந்து, அதற்கேற்ற பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும் என்றார். இணைப்புத் தண்டின் பெரிய முனையில் உள்ள புஷ்ஷும் ஆட்டம் கண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இது என் கைக்கு வராது சார். பொன்மலை ரயில்வே பட்டறையில இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர் கடைசல் வெச்சிருக்கார். அவர்தான் செய்யணும். கூலியை அவர்கிட்டயே நேரா கொடுத்துடுங்க” என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவனிடம் தெரிந்ததை நம்பி ஒப்படைக்கலாம். பல ஆண்டுப் படிப்பு கற்பிக்காததை அந்த ஒரு சொல் எனக்குக் கற்பித்தது.

போன கார்புரேட்டருக்கு ஈடு தேடியதும் அவர்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிப் பாகங்கள் கிடைக்கும் என்பதைப் பலர் அறிவர். ஆனால் பிரித்து விற்கும் பாகம் யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதை வாங்குகிறவர் அறியாமற் போகலாம். ஆகவே ரசீது கொடுக்கும் கடையில் மட்டுமே வாங்குவது அவர் கொள்கை. மூன்றாவது பயணத்தில்தான் ஒத்த கார்புரேட்டர் கிடைத்தது. ரசீதையும் மீதிச் சில்லறையையும் மேசை மேல் வைத்தார்.

விளக்குகளைப் பற்றியும் பேச்சு வந்தது. அது 6 வோல்ட் வண்டி. விளக்கொளி மங்கலாகத்தான் இருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்வோர் உண்டு. இரண்டின் நன்மை தீமைகளையும் சொல்லிவிட்டு, “முடிவு உங்களோடது” என்று விட்டுவிட்டார். பழைய முறையே இருக்கட்டும் என்றேன். இரவில் ஓட்டுவதில்லை என்றும் தீர்மானித்தேன்.

தாள்களின் நேர்மை

எஞ்சின் வேலை நடக்கும்போதே பதிவுச் சான்றின் சிக்கல் எழுந்தது. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டியின் பதிவு என்றோ காலாவதியாகிவிட்டது. அதோடு புத்தகம் தந்தையாரின் பெயரிலேயே இருந்தது.

தரகர் ஒருவர் குறுக்கு வழி காட்டினார். ஓடாமற் போன வேறொரு புல்லட்டின் செல்லுபடியாகும் புத்தகம் தம்மிடம் இருப்பதாகவும், எங்கள் வண்டியில் அந்த எண்களைக் கொத்திவிட்டால் ஒரே நாளில் காரியம் முடியும் என்றும் சொன்னார். சபலம் எனக்குத் தட்டியது என்பதை மறைக்க மாட்டேன். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நம்பரை மாத்திட்டா அது உங்க அப்பா வண்டி இல்லையே சார். அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?”

நேர்வழியே சென்றேன். வாரிசுச் சான்றிதழ் பெற்று, அம்மா, அண்ணன் இருவரின் ஒப்புதலோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். தாமதத்துக்கான கட்டணமும் பசுமை வரியும் கட்டினேன். பல முறை அலைய வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தாளும் உண்மையான தாள்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு செய்தி. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, முதலில் அமைந்த வடிவம் பெரிதும் மாறாத வண்டிகளைப் ‘பழம்பெரும் வண்டி’ எனத் தனியே பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், புதுப்பிக்க 5,000 ரூபாயும் கட்டணமாக அப்போது அறிவிக்கப்பட்டன. எனினும் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். உழவர் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் ஓட்ட எண்ணியதால், நாங்கள் வழக்கமான புதுப்பித்தலையே நாடினோம்.

அனுபவம் தந்த அறிவுரை

பழைய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு ஆள் தேடும் குடும்பங்களுக்கு நான் சொல்லக் கூடியவை இவை. ஒப்படைக்குமுன் வண்டியின் எல்லாப் பக்கங்களையும் எண்களையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் அறியாத மூவரையாவது விசாரியுங்கள். அவர் முன்பு சீர்செய்த வண்டியின் உரிமையாளரைச் சந்தித்து, வண்டி ஓராண்டுக்குப் பின்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். சிறு வேலை கொடுத்துப் பார்த்துப் பிறகு பெரு வேலை கொடுங்கள். வேலையைப் பகுதிகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்று முடிந்ததும் பணம் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். வண்ணப் பூச்சைக் கடைசியில் வையுங்கள்; உள்ளே துரு இருக்க வெளியே பூசிய வண்ணம் நெடுநாள் நில்லாது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கூலியை நாள் கடத்தாமல் கொடுக்க வேண்டும். “நாளைக்கே வேண்டும்” என்று நெருக்கக் கூடாது. நேர்மையான தொழிலாளியிடம் பேரம் பேசிப் பாதிக் கூலிக்கு இறங்கச் செய்துவிட்டு, பிறகு நேர்மை எங்கே என்று தேடுவது முறையாகாது.

வண்டி கிளம்பிற்று

பதினோராம் மாதம் வண்டி வீட்டுக்கு வந்தது. அண்ணனே முதலில் ஓட்ட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை மெல்ல மிதிக்க வேண்டும். டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து மிதியைச் சற்றே நகர்த்தி விட வேண்டும். பிறகு ஒரே மிதி. தந்தையார் செய்ததைச் சிறுவயதில் பார்த்தது அண்ணனுக்கு மறந்திருக்கவில்லை. இரண்டாம் மிதியில் எஞ்சின் உயிர்த்தது. கியர் வலக்கால் பக்கம், பிரேக் இடக்கால் பக்கம் என்பதை மட்டும் மறந்து, தெருமுனையில் கியரை மிதித்துத் தடுமாறித் திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

திண்ணையில் அமர்ந்திருந்த அம்மா, “சத்தம் அதேதான். ஆனால் உங்கள் அப்பா இவ்வளவு வேகமாக ஓட்ட மாட்டார்” என்றார்.

மேஸ்திரி பிஸ்கட் டப்பாவைத் திண்ணையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். தேய்ந்த வளையங்கள், ஆட்டம் கண்ட புஷ், பழைய பிஸ்டன், துருப்பிடித்த கம்பிகள் எல்லாம் இருந்தன. பிஸ்டனை மட்டும் அம்மா துடைத்து, தந்தையாரின் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தெருவில் அதே குரல் கேட்டது. வியாபாரி கொட்டகையை எட்டிப் பார்த்தார், வண்டியைக் காணவில்லை. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். மீதமிருந்த தேய்ந்த பாகங்களை அவர் தராசில் நானே போட்டேன். எடை பார்த்து, காகிதத்தில் பொதிந்து, பேரீச்சம்பழம் கொடுத்தார்.